நாள் கணக்கா? தலையெழுத்தா?

ஏழே எழுத்துகளில் அடங்கிவிடும் ஆங்கிலச் சொல் ஒன்று நம் நாட்டிலே நடமாடிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்திலே, மகனுடைய எக்ஸ்ரே படத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாயிடம் அந்தச் சொல் வீசப்படுகிறது: "இது கிரானிக் கேஸ் அம்மா!" வட்டாட்சியர் அலுவலகத்திலே, குடிநீர் வரவில்லை என்று முறையிடச் சென்ற ஊர்ப் பெரியவர்களிடமும் அதே சொல் வீசப்படுகிறது: "உங்கள் ஊர்ப் பிரச்சினை கிரானிக் ஐயா!"

தாயும் தலை குனிந்து திரும்புகிறாள். ஊர்ப் பெரியவர்களும் தலை குனிந்து திரும்புகிறார்கள். ஆங்கிலம் அறியாதவர்கள்தாம். ஆயினும் அந்தச் சொல்லை உரைத்தவரின் முகத்தையும் குரலையும் கொண்டு அவர்கள் பொருள் தெரிந்துகொண்டார்கள். என்ன பொருள்? 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்ற பொருள்! 'இது உங்கள் தலையெழுத்து' என்ற பொருள்!

அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் உண்டா? இல்லை. எக்காலத்திலும் இருந்ததில்லை. இல்லாத பொருளை ஏற்றி, அதன் நிழலில் நின்று, செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பித்துக்கொள்வோர் பலர் என்பதால், இந்தச் சொல்லைச் சற்றே பிரித்துப் பார்ப்பது தேவையாகிறது. சொல் ஆராய்ச்சி புலவர்களின் பொழுதுபோக்கு என்று தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். ஏமாற்று எங்கே நுழைகிறது என்று தேடிப் பார்த்தால், பல வேளைகளில் அது ஒரு சொல்லின் வழியாகத்தான் நுழைந்திருக்கும்.

சொல்லின் பிறப்பு

கிரேக்க மொழியிலே 'குரோனோஸ்' என்றால் காலம். 'காலத்தைச் சார்ந்தது' என்ற பொருளில் அதிலிருந்து பிறந்த சொல், இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலத்தில் குடியேறி 'கிரானிக்' ஆயிற்று. அதே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இன்னும் பலர் உண்டு. கடலிலே கப்பலின் இருப்பிடத்தைக் கணக்கிட உதவிய துல்லியமான கடிகாரம் 'குரோனோமீட்டர்' எனப்பட்டது. நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையிலே எழுதி வைக்கும் ஏட்டிற்குக் 'கிரானிக்கிள்' என்று பெயர். ஐதராபாத்தில் தோன்றிய 'டெக்கான் கிரானிக்கிள்' இதழின் பெயரிலே இருப்பதும் அதுவே. விவிலியத்தில் அப்பெயர் கொண்ட இரு நூல்களுக்கும் தமிழில் 'நாளாகமம்' என்று பெயர் சூட்டினார்கள். நாள் என்ற சொல் அங்கே எவ்வளவு பொருத்தமாக வந்து அமர்ந்திருக்கிறது, பாருங்கள்!

ஆக, இந்தச் சொல்லின் உள்ளே இருப்பது ஒன்றே ஒன்றுதான்: காலம். எவ்வளவு நாளாக இருக்கிறது என்ற கணக்கு. கொடியது என்றோ, தீராதது என்றோ, விதி என்றோ பொருள் தரும் எழுத்து ஒன்றுகூட அதிலே இல்லை.

பண்டை மருத்துவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கப்படோசியா நாட்டு அரெட்டேயசு, நோய்களை இரு பிரிவாக்கி நூல் செய்தார். வட ஆப்பிரிக்காவில் பிறந்த சீலியசு அவுரேலியானசு என்பார் இலத்தீனில் எழுதியபோது, ஒரு பிரிவை 'விரைந்த நோய்கள்' என்றும் மறு பிரிவை 'மெல்ல நடக்கும் நோய்கள்' என்றும் பெயரிட்டார். வேகமும் தாமதமுமே அவர்களுடைய அளவுகோல். விரைந்த நோயிலே சில நாட்களில் முடிவு தெரிந்துவிடும். மெல்ல நடக்கும் நோயிலே மருத்துவனும் நோயாளியும் நெடுநாள் சேர்ந்து உழைக்க வேண்டும். பின்னதை எழுதும்போது அவர்கள் மருத்துவ முறைகளையும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கைவிட வேண்டியது என்றிருந்தால் எழுதியிருப்பார்களா?

இன்றைய மருத்துவமும் நாளை எண்ணித்தான் இந்தச் சொல்லைச் சூட்டுகிறது. வலி 3 திங்களுக்கு மேல் நீடித்தால் அது கிரானிக் வலி. சிறுநீரகக் கேடு 3 திங்களுக்கு மேல் தொடர்ந்தால் அதற்கு அந்தப் பெயர். கல்லீரல் அழற்சிக் கிருமி 6 திங்கள் கடந்தும் உடலில் தங்கினால் அப்போது அந்தப் பெயர். சளியோடு கூடிய இருமல், அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில், ஆண்டுக்கு 3 திங்கள் வீதம் பெரும்பாலான நாட்களில் இருந்தால், மார்புச் சளி நோய்க்கு அந்தப் பெயர். நோய்க்கு நோய் கணக்கு வேறுபடுகிறது. ஆனால் எல்லாம் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லப்படுபவையே. எந்த இடத்திலும் சாதகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவதில்லை!

பொருள் திரிந்த விதம்

இதற்கு எதிர்ச்சொல்லாக 'அக்யூட்' என்பதைச் சொல்லுவார்கள். 'கூர்மையாக்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. திடீரென்று கூராகத் தைத்து, விரைந்து முடிவது அக்யூட். நம் இதழ்கள் சில இதைத் 'தீவிரமானது' என்று மொழிபெயர்க்கின்றன. உடனே படிப்பவர் என்ன எண்ணுகிறார்? அக்யூட் என்றால் கடுமையானது, ஆகவே கிரானிக் என்றால் இலேசானது என்று எண்ணிவிடுகிறார். வேறு சிலரோ நேர்மாறாக, கிரானிக் என்றாலே மிகக் கொடியது என்று நடுங்குகிறார்கள். இரண்டும் தவறு. சாதாரணத் தடுமன்கூட அக்யூட்தான். ஒரு கிழமையில் போய்விடும். சிறுநீரகத்தைச் சிறுகச் சிறுக அரித்து உயிரையே குடிக்கும் நோய் கிரானிக்தான். ஒன்று வந்த வேகத்தைச் சொல்லுகிறது. மற்றொன்று இருக்கும் காலத்தைச் சொல்லுகிறது. கடுமையின் அளவை இரண்டில் எதுவும் சொல்லவில்லை.

ஆங்கிலேயரே இந்தச் சொல்லைக் கெடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பேச்சு வழக்கிலே, உணவு வாயில் வைக்க முடியாதபடி இருந்தாலும் கிரானிக். நாடகம் சகிக்க முடியாதபடி இருந்தாலும் கிரானிக். 'மிக மோசம்' என்ற பொருளிலே அங்கே வழங்குகிறது. பொய் சொல்லிப் பழகியவனைக் 'கிரானிக் பொய்யன்' என்பர். திருந்த மாட்டான் என்பது குறிப்பு. காலத்தைக் காட்டிய சொல், கெடுதலைக் காட்டத் தொடங்கி, கடைசியில் திருந்தாமையைக் காட்டும் சொல்லாகிவிட்டது.

இங்கே நம் தமிழுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு பழியும் உண்டு. 'நாட்பட்ட நோய்' என்பது நம் மக்களின் வழக்கு. நாள் பட்டது, அவ்வளவே. கிரேக்கன் நினைத்ததை அப்படியே நினைக்கும் சொல். அது பெருமை. ஆனால் அந்த அருமையான சொல்லை ஒதுக்கிவிட்டு, 'தீராத நோய்' என்று எழுதுகிறார்களே, அது பழி! நாட்பட்டது என்னும்போது கண் முன்னே நாட்காட்டி தெரிகிறது. தீராதது என்னும்போது கதவு சாத்தப்படுகிறது. நாட்பட்டதையெல்லாம் தீராதது என்று எழுதும் எழுதுகோல், தன்னை அறியாமலே கைவிரிப்போரின் கையாளாகிவிடுகிறது.

தீராதவை தீர்ந்த வரலாறு

வாதத்தால் மட்டும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வரலாறு சான்று சொல்லுகிறது.

இரைப்பைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுக் காலம் அது நாட்பட்ட நோய்களிலே முன்வரிசையில் நின்றது. கவலைப்படுகிறாய், காரம் தின்கிறாய், அமிலம் சுரக்கிறது என்று நோயாளியின் மீதே குற்றம் சாட்டினார்கள். வாழ்நாளெல்லாம் மருந்து, இல்லையேல் கத்தி. ஆத்திரேலியாவின் பெர்த் நகரிலே ராபின் வாரன், பேரி மார்சல் என்ற இருவர், 1982-இல் அந்த இரைப்பைக்குள்ளே ஒரு கிருமியைக் கண்டு வளர்த்துக் காட்டினர். உலகம் நம்ப மறுத்தது. 1984-இல் மார்சல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். இரைப்பை அழற்சியைத் தாமே தேடிக்கொண்டார்! 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்கு அந்தக் கிருமி காரணம் என்பதும், ஓரிரு கிழமை மருந்திலே கிருமியை ஒழிக்கலாம் என்பதும் இன்று பாடநூலில் இருக்கின்றன. எத்தனை ஆயிரம் பேர் 'தீராது' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே செத்தார்கள்! தீராதது அவர்கள் நோயா? காரணத்தைத் தேடாமல் நோயாளியைப் பழித்தவர்களின் அறியாமையா?

அடுத்த சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. காசநோய்! ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே உற்றார் ஓடுவர். காற்றோட்டமான மலைச்சாரல், ஊட்டமான உணவு, மாதக் கணக்கில் படுக்கை ஓய்வு ஆகிய மூன்றும் இருந்தால்தான் பிழைக்கலாம் என்றனர். செல்வர்க்கு அது இயலும். கூலிக்காரனுக்கு? படுத்து ஓய்வெடுத்தால் அவன் நோய் தீரும் முன்னே அவன் குடும்பம் தீர்ந்துவிடும்! சேனடோரியம் என்று அழைக்கப்பட்ட காசநோய் மருத்துவ விடுதிகளின் படுக்கைகளோ, நோயாளிகளின் பெருந்தொகைக்கு முன்னே யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கிருமியை இராபர்ட் காக் 1882-இலேயே கண்டுவிட்டார். 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-இல் ஐசோனியசிட் காசநோய் மருந்தாயிற்று. மருந்து வந்த பிறகும் விடுதியில் இடமில்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்வி நின்றது. அந்தக் கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னையிலே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் முன்னின்றார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். மறு பகுதியினர் தங்கள் வீட்டிலேயே, நெருக்கடியான வீட்டிலேயே, குறைந்த உணவோடு இருந்தனர். இரு பகுதியினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்.

முடிவு 1959-இல் வெளிவந்தது. விடுதியில் இருந்தோருக்கு நல்ல உணவு, நல்ல ஓய்வு, எடையும் கூடியது. ஆனால் நோய் தீர்ந்த அளவிலே, வீட்டில் இருந்தோர் அவர்களுக்கு ஏறத்தாழ இணையாக நின்றார்கள்! வீட்டாருக்கு அதனால் தொற்று மிகுதியாகப் பரவிவிடவும் இல்லை. காசநோய் மருத்துவத்தின் போக்கையே உலகெங்கும் திருப்பிவிட்ட முடிவு அது. சேத்துப்பட்டிலே அந்த நிலையம் இன்றும் தேசிய நிறுவனமாக இயங்கிவருகிறது.

இதிலே நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? ஏழையின் நோய் தீராததாக இருந்தது, ஏழைக்கு எட்டாத மருத்துவத்தையே மருத்துவம் என்று வைத்துக்கொண்டிருந்த வரையில்தான். அவன் குடிசை வரையில் மருந்து சென்றதும், தீராதது தீர்ந்தது. அப்படியிருந்தும் 2023-இல் உலகெங்கும் ஏறத்தாழ 12½ இலட்சம் பேர் காசநோயால் மாண்டனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்குத் தருகிறது. நோயுறுவோரில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவிலே! மருந்து கண்ட பிறகும் மரணம் நீடிக்கிறது என்றால், அங்கே நாட்பட்டிருப்பது கிருமி மட்டும்தானா?

விலை என்னும் நோய்

தோழர்களே! சில நோய்கள் அறிவுக்கு எட்டாமல் நாட்படுகின்றன. வேறு சில நோய்களோ, அறிவுக்கு எட்டிய பிறகும் கைக்கு எட்டாமல் நாட்படுகின்றன. கல்லீரலைத் தாக்கும் 'சி' வகைக் கிருமி 1989-இல் கண்டறியப்பட்டது. 2013 இறுதியில் அதை அழிக்கும் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 12 கிழமை உண்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோய் அறவே நீங்கும்! அற்புதம்! ஆனால் விலை? ஒரு மாத்திரை 1,000 டாலர். முழு மருத்துவத்துக்கு 84,000 டாலர். பணம் படைத்தவனுக்கு அது 12 கிழமை நோய். பணம் இல்லாதவனுக்கு அது வாழ்நாள் நோய். கிருமி ஒன்றே. உடலும் ஒன்றே. 'கிரானிக்' என்ற பெயர் எவனுக்கு ஒட்டும் என்பதைப் பணப்பை தீர்மானித்தது! பின்னர் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று மலிவாகச் செய்தன. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் அதை விலையின்றித் தர முன்வந்தது. தீராதது தீர்வதாயிற்று. வேதியியல் மாறவில்லை, விலை மாறியது.

இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்குப் பெயரிலேயே இந்தச் சொல் உண்டு: நாட்பட்ட மைலாய்டு வெண்குருதிப் புற்று. 2001-இல் அதற்கு இமாட்டினிப் என்ற மருந்து வந்தது. சில ஆண்டுகளில் உயிர் பறித்த நோயை, மாத்திரை உண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக அது மாற்றியது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் விலை திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் விலையோ 10,000 ரூபாய் அளவில். அந்நிறுவனம் தனியுரிமை கோரியது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது. பழைய மருந்தையே சிறிது மாற்றிப் புதிய உரிமை கேட்பதைத் தடுக்கும் சட்டப் பிரிவே செல்லாது என்று தொடுத்த வழக்கை, 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இறுதியாக மறுத்துத் தீர்ப்பளித்தது. ஒரு சட்டப் பிரிவு, பல்லாயிரம் நோயாளிகளுக்கு மருந்தாயிற்று! மருந்து மருந்துக்கடையில் மட்டும் கிடைப்பதன்று. சில வேளைகளில் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கிடைக்கிறது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "எல்லாம் சரி. நீரிழிவு தீருமா? எய்ட்சு தீருமா? உண்மையிலேயே தீராதவையும் உண்டல்லவா?"

உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கேதான் இந்தச் சொல் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. 1922-க்கு முன்பு, சிறுவரைத் தாக்கும் நீரிழிவு நாட்பட்ட நோயாக இருந்ததா? இல்லை! நாட்படுவதற்கு நாள் வேண்டுமே! சிறுவர்கள் உருகி உருகிச் சில திங்களிலும் சில ஆண்டுகளிலும் மாண்டனர். டொராண்டோ நகரிலே பாண்டிங்கும் அவர் துணைவர்களும் இன்சுலினைக் கண்ட பிறகே அது நாட்பட்ட நோயாயிற்று. கண்டவர்கள் தம் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன 84,000 டாலரையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள்.

எய்ட்சும் அப்படியே. 1996-இல் கூட்டு மருந்து முறை வந்து, சாவுத் தீர்ப்பாக இருந்ததை நாட்பட்ட நோயாக மாற்றியது. ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்த அந்த மருந்தை, 2001-இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004-இல் இந்திய அரசு விலையின்றி வழங்கத் தொடங்கியது. அந்த நோயாளிக்குக் 'கிரானிக்' என்பது தோல்வியின் பெயரன்று. சாவின் வாயிலிலிருந்து மீட்கப்பட்டதன் பெயர்! ஆனால் அந்தப் பெயர் நிலைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு திங்களும் மருந்து வர வேண்டும். தடையின்றி வர வேண்டும். ஆகவே நாட்பட்டது என்றால், ஒன்றும் செய்வதற்கில்லை என்று பொருளன்று. நாள்தோறும் செய்தாக வேண்டும் என்று பொருள்!

குழந்தையின் உயரம் சொல்லும் வரலாறு

உடலைத் தாக்கும் நோயிலிருந்து சமுதாயத்தைத் தாக்கும் நோய்க்கு வருவோம். அங்கேதான் இந்தச் சொல் பெரும் வேடம் போடுகிறது.

பசிக்கும் இரண்டு வடிவம் உண்டு. பஞ்சம் விரைந்த நோய். 1943-இல் வங்கத்திலே ஏறத்தாழ 30 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. விடுதலைக்குப் பின் அத்தகைய பெரும் பஞ்சம் இந்தியாவில் நிகழவில்லை. ஏன்? மக்களாட்சியிலே பஞ்சம் வந்தால் ஏடுகள் அலறும், எதிர்க்கட்சிகள் எழும், ஆட்சி ஆட்டங்காணும் என்று அமர்த்தியா சென் விளக்கினார். உண்மை. ஆனால் அரை வயிறு உண்டு, அடுத்த நாளும் அரை வயிறு உண்டு, ஆண்டெல்லாம் அரை வயிறு உண்ணும் பசி இருக்கிறதே, அதற்கு எந்த ஏடு அலறுகிறது? அது நேற்றும் இருந்தது. ஆகவே இன்று செய்தி அன்று. நாளையும் இருக்கும், ஆகவே நாளையும் செய்தி ஆகாது. நாட்பட்டது என்பதே அதற்குத் திரையாகிவிட்டது.

குழந்தைகளின் ஊட்டக் குறைவை அளப்போர் இந்த இரண்டையும் பிரித்தே அளக்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லையேல் அண்மைக்காலப் பட்டினி. அது விரைந்த வகை. வயதுக்கு ஏற்ற உயரமே இல்லையேல் நெடுங்காலப் பட்டினி. அது நாட்பட்ட வகை. தாயின் கருவிலே தொடங்கிய குறை, தாய்ப்பாலோடு சேர உண்ண வேண்டிய உணவிலே வந்த குறை, அழுக்கு நீரால் அடிக்கடி வந்த வயிற்றுப்போக்கு ஆகிய எல்லாம் அந்தக் குழந்தையின் எலும்பிலே எழுதப்பட்டிருக்கின்றன. ஆண்டு வரிசையிலே எழுதப்படும் ஏட்டுக்குக் 'கிரானிக்கிள்' என்று பெயர் என்றோமே, அந்தக் குழந்தையின் உயரமே ஒரு கிரானிக்கிள்! ஆளவந்தார்கள் எழுதும் ஆண்டறிக்கையில் பொய் இருக்கலாம்; அங்கன்வாடிச் சுவரிலே கோடு போட்டு அளந்த உயரத்திலே பொய் இருக்க முடியாது.

அந்த ஏடு என்ன சொல்லுகிறது? 2005-06-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 100-க்கு 48 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2019-21 கணக்கெடுப்பிலே அது 35.5 ஆயிற்று. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 48 என்பது 35.5 ஆனது எதைக் காட்டுகிறது? இது விதியன்று, குறைக்கக்கூடியது என்பதைக் காட்டுகிறது. பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் குன்றி நிற்பது எதைக் காட்டுகிறது? குறைக்க வேண்டிய வேகத்தில் குறைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. 'வறுமை கிரானிக்' என்று பெருமூச்சு விடுவோர், இந்த இரு எண்களில் எதற்கும் விடை சொல்லவில்லை.

சொல்லைத் திருப்பிக் கொடுப்போம்

ஆகவேதான் சொல்லுகிறோம். 'நாட்பட்டது' என்று ஆளவந்தோர் சொல்லும்போது, அது அவர்களுடைய விடுதலைப் பத்திரமாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது அவர்கள் தாமே கையெழுத்திட்டுத் தரும் ஒப்புதல் வாக்குமூலம்! நாட்பட்டது என்றால், அத்தனை நாளும் இருந்தது என்று பொருள். இருந்தது என்றால், அத்தனை நாளும் யாரோ பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்று பொருள். வீடு நேற்று ஒழுகினால் மழையைக் குற்றம் சொல்லலாம். இருபது ஆண்டாக ஒழுகினால் வீட்டுக்காரனைத்தானே கேட்க வேண்டும்? நாள் ஏற ஏறப் பொறுப்பு ஏற வேண்டும். நம் நாட்டிலோ, நாள் ஏற ஏறப் பொறுப்பு இறங்கிவிடுகிறது! இந்தத் தலைகீழ்க் கணக்கை நேராக்க வேண்டும். ஆட்சியில் எந்தக் கட்சி அமர்ந்திருந்தாலும் இது பொருந்தும்; நம் தோழர்கள் அமர்ந்திருக்கும் நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் பொருந்தும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்த அலுவலகத்தில், எந்த மருத்துவமனையில், எந்த மன்றத்தில் இந்தச் சொல் உங்கள் மேல் வீசப்பட்டாலும், தலை குனிந்து திரும்பாதீர்கள். பணிவோடு, ஆனால் உறுதியோடு, நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது? அத்தனை நாளும் யார் பொறுப்பில் இருந்தது? காரணத்தைத் தேடினீர்களா? தீர்வு உண்டென்றால், அது எங்கள் கைக்கு எட்டாமல் தடுப்பது எது, விலையா, சட்டமா, சோம்பலா? மருந்தைப் பற்றிப் பாடிய வள்ளுவர் நோயையும் அதன் காரணத்தையும் அதைத் தணிக்கும் வழியையும் நாடச் சொன்னாரே தவிர, நோயின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்து போகச் சொல்லவில்லை.

எழுதும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறிக்கையிலும், துண்டு வெளியீட்டிலும், சுவரெழுத்திலும் 'தீராத வறுமை', 'தீராத குடிநீர்ப் பஞ்சம்' என்று எழுதாதீர்கள். எதிரி சொல்ல விரும்புவதை நாமே எழுதிக் கொடுத்ததாகும். நாட்பட்ட வறுமை என்று எழுதுங்கள். முடிந்தால் எத்தனை ஆண்டு என்ற எண்ணையும் பக்கத்திலே எழுதுங்கள். எண் நிற்கும் இடத்தில் தலையெழுத்து நிற்காது.

மகனுடைய எக்ஸ்ரே படத்தோடு காத்திருக்கும் தாய்க்குக் கிரேக்கம் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவள் சார்பிலே பேசப் புறப்பட்ட நமக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும். காலம் என்பது அதன் பொருள். காலம் கடந்துவிட்டது என்பதல்ல. காலம் கடத்தப்பட்டது என்பதே அது நமக்குச் சொல்லும் செய்தி. கடத்தியவர் யார் என்று கேட்பதற்குப் பெயர்தான் அரசியல். கேட்போம், விடை வரும் வரையில் கேட்போம்!